தாய்வழியில் யாருமில்லை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அல்லது இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ எப்படி இருக்கிறாய்? முதுகுவலி தேவலையா? உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். அவர் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தாரே, அந்த டாக்டரம்மா இப்போது அங்கே ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார். கணையப் புற்றுநோயை, அது தன் முகத்தைக் காட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். கணையம் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற உறுப்பு. அதில் கட்டி வந்தால் பெரும்பாலும் காலம் கடந்துதான் தெரியும். அம்மாவின் கண் மஞ்சளானபோதுதான் நமக்குத் தெரிந்தது. அதற்குள் அது கல்லீரல் வரை போயிருந்தது. தாத்தாவும் அப்படிப் போனவர்தான். ஒரே வீட்டில் இரண்டு பேர் என்பதால் என்னிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு இருந்த மரபணுக் கோளாறு எனக்கும் இருக்கிறதாம். பயப்படாதே. கோளாறு இருந்தால் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. வருடாவருடம் ஸ்கேன் எடுத்து என்னைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள்.

கடைசியில் டாக்டரம்மா கேட்டார்: “உங்க அம்மாகூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா? அவங்களுக்கும் இது இருக்கலாம். நாங்களா போய்ச் சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்.”

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “தாய்வழியில யாருமில்ல டாக்டர்” என்றேன்.

உனக்குப் புரியும். அம்மா போனபோது சிறையிலிருந்து உனக்கு அனுமதி கிடைக்கவில்லை. மகன் நிற்க வேண்டிய இடத்தில் அம்மாவின் தம்பி நின்றார். உன்னை உள்ளே தள்ளிய அதே ஆள், உன் இடத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். அன்றைக்கே அவரை மாமா என்று நினைப்பதை விட்டுவிட்டேன். இனி நான் எழுதும்போது அவர் வெறும் கடைக்காரர்.

நீயும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிறை டாக்டரிடம் கேள். தள்ளிப்போடாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா

---

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். முதுகுவலி போய்விட்டது. என்னைச் சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க வெந்நீர் ஆவி. முகம் பளபளவென்று ஆகிவிட்டது, மாப்பிள்ளை பார்க்க வந்தால் உடனே முடிந்துவிடும்.

நீ டாக்டரிடம் சொன்ன அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அக்கா, நீ எனக்குச் செய்த உதவிகளிலேயே பெரியது அதுதான்.

நான் அவருடைய மரச்சாமான் கடையில் வண்டி ஓட்டியவன். கிடங்குச் சாவியை அவர் யாரையும் தொடவிட மாட்டார். கைப்பிடியும் கீலும் திருட்டுப் போகிறது என்று சொல்லி, தினமும் பின்கதவை வெளியிலிருந்து தானே பூட்டிவிட்டுப் போவார். வயரெல்லாம் இற்றுப்போயிருக்கிறது, மாற்றுங்கள் என்று சொன்னதற்குத்தான் முந்தின நாள் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். கிடங்கு தீப்பிடித்தபோது உள்ளே இருந்த வாட்ச்மேன் அந்தப் பின்கதவு வரை வந்திருக்கிறார். அதற்குமேல் வர முடியாமல் அங்கேயே செத்துப்போனார்.

கோர்ட்டில் என்ன சொன்னார்? “சாவி என் மருமகன்கிட்டதான் இருந்துச்சு. முதல் நாள் எங்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனான்.” சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஏழு வருஷம்.

நீ எதுவும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். இவ்வளவு சுலபமாகப் பழிதீர்க்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? கதவைப் பூட்டியவருக்கு வெளியே போக வழி இருக்கிறது என்று நாம் ஏன் காட்ட வேண்டும்?

ஸ்கேனுக்குப் பயப்படாமல் போய் வா.

தம்பி

---

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். முதல் ஸ்கேன் முடிந்தது. குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, மூச்சை இழு, நிறுத்து, விடு என்று ஒரு குரல் அதட்டிக்கொண்டே இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்ற குறை அன்றைக்குத் தீர்ந்துவிட்டது. கணையம் சுத்தமாக இருக்கிறதாம்.

இன்னொரு செய்தி. நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு எதிரில் கடைக்காரர் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சட்டை ஆள்மேல் தொங்குகிறது. கழுத்து எலும்பு தெரிகிறது. டாக்டரம்மா எங்களுக்கு வகுப்பு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறார், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று. வயதான பிறகு திடீரென்று சர்க்கரை வருவது. காரணமில்லாமல் இளைப்பது.

சாலையைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றேன். கோர்ட்டுக்குப் பிறகு நான் அவரோடு பேசியதே இல்லை.

“என்ன மாமா, இளைச்சுட்டீங்க?”

“சுகர் வந்துடுச்சும்மா. வாயைக் கட்டிட்டேன், அதான்.”

“நல்லாத்தான் இருக்கு. பத்து வயசு குறைஞ்ச மாதிரி தெரியிறீங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது, தம்பி. காரில் ஏறிக் கையாட்டிவிட்டுப் போனார். நான் திரும்பி வந்து சாயங்காலம் வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தேன். கூட வேலை செய்யும் பெண்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

ரத்தம் கொடுத்தாயா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்கா

---

ஏப்ரல் 20

தம்பிக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? அல்லது கடிதம் படிக்கும் ஐயா லீவில் போய்விட்டாரா?

கடைக்காரரின் மகள் பாப்பா கண்ணாடி மாற்ற வந்திருந்தாள். முப்பது வயதாகியும் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். நான்தான் சட்டத்தை மூக்கில் பொருத்திப் பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது. “அத்தான் எப்படி இருக்காங்க?” என்று உன்னைத்தான் கேட்டாள். அப்பாவுக்கு முதுகு வலிக்கிறதாம், தைலம் தேய்த்துவிடுகிறாளாம்.

அவளும் அதே ரத்தம்தான். அதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

உடனே எழுது. ரத்தம் கொடுத்தாயா இல்லையா?

அக்கா

---

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இதைப் படித்த பிறகு எப்படியும் கோபப்படப் போகிறாய்.

நலன்புரி அலுவலரிடம் சொல்லி மாமாவை வரச் சொன்னேன். போன வாரம் வந்தார். நடுவில் கண்ணாடி. இரண்டு பக்கமும் போன். அவர் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேசினார். நான்தான் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன்.

“எப்படிடா இருக்க?”

“நல்லா வெச்சிருக்காங்க மாமா. நீங்கதான் வாடிட்டீங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் நோய், மரபணு, அக்காவுக்கு இருப்பது, சர்க்கரை, முதுகுவலி, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“இதை எதுக்குடா எங்கிட்ட சொல்ற?”

“நீங்க சாகக் கூடாது மாமா.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாசம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா, யோசித்துப் பார். அவர் செத்தால் ஊரே கூடி நல்ல மனுஷன் என்று சொல்லும். கதவைப் பூட்டிய கை அவரோடு போய்விடும். எனக்கு அது வேண்டாம். நான் வெளியே வரும்போது அவர் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு நான் உட்கார வேண்டும். ஒன்றும் பேசாமல், தினமும். நான் போட்ட பிச்சை இந்த உயிர் என்று தெரிந்துகொண்டே அவர் வியாபாரம் பண்ண வேண்டும். செத்துத் தப்பிக்க விடமாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

---

மே 22

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. உன் நலத்தையும் இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை.

யாரைக் கேட்டுச் சொன்னாய்? அம்மாவுக்குத் துணி மாற்றியவள் நான். கடைசி வாரங்களில் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தவள் நான். அந்த மனுஷன் அதேபோலப் படுத்துக்கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது என் உரிமை. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாய்.

நாற்காலி போட்டு உட்காரப் போகிறாயாம். நன்றாக உட்கார். நான் இனி எழுதப்போவதில்லை.

அக்கா

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

எழுதமாட்டேன் என்றவள் எழுதுகிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? உண்மையைச் சொல்.

நீ ஆசைப்பட்டதுதான் நடந்தது. கடைக்காரர் நேராக டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார். கணையத்தின் வால்பக்கம் சின்னதாக ஒரு கட்டி. எங்கும் பரவவில்லை. இந்த நோயில் இப்படிப் பிடிபடுவது அபூர்வமாம். பாதிக் கணையத்தையும் மண்ணீரலையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வழக்கமான மருந்தோடு, நோய் திரும்பி வராமல் தடுக்க முடியுமா என்று சோதிக்கும் தடுப்பூசி ஆராய்ச்சி ஒன்றிலும் சேர்ந்திருக்கிறார். “தாய்வழியில யாருமில்லன்னு சொன்னீங்களே?” என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். “இருந்தும் இல்லாதவர் டாக்டர்” என்றேன்.

போன வாரம் ரத்தம் கொடுக்கப் போனபோது அவர் பக்கத்தில் உட்காரும்படி ஆகிவிட்டது. அவராகவே பேச்சை ஆரம்பித்தார்.

“உன் தம்பிக்கும் இருக்காமே, பாவம்.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “என்ன இருக்கு?”

“உனக்குத் தெரியாதா? அன்னைக்குச் சொன்னானே. ‘எனக்கும் இருக்கு மாமா, ஆனா உள்ள இருக்கிறவங்களை ஆராய்ச்சியில சேத்துக்க மாட்டாங்களாம், நீங்களாவது போங்க’ன்னு.”

இந்தச் செய்தியை அந்த வாயிலிருந்தா நான் கேட்க வேண்டும்?

டாக்டரம்மாவிடம் ஓடினேன். கைதிகளைச் சேர்க்கக் கூடாது என்று விதியாம். சிறையில் இருப்பவர் பயந்துபோயோ, வேறு வழியில்லாமலோ சரி என்று சொல்லிவிடக்கூடும், அவர்கள் பாதுகாப்புக்காகத்தான் அந்த விதி என்றார். தனியாக ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சிறைக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறாராம். அங்கே வரிசை நீளமாம்.

திரும்பி வந்து கடைக்காரர் முன்னால் நின்றேன். “கதவைப் பூட்டினது யாருன்னு போய்ச் சொல்லுங்க. அவன் வெளிய வந்தாத்தான் அவனையும் சேத்துக்குவாங்க.”

என் கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லாம இருப்பேனாம்மா? சத்தியமா சொல்றேன். இந்த ஊசியெல்லாம் முடியட்டும். இப்பச் சொன்னா என்னை உள்ள வெச்சுடுவாங்க, ஊசியை நிறுத்திடுவாங்க. அடுத்த வருஷம் முடிஞ்சுடும்.”

கையை உதறிவிட்டு வந்தேன். நீ ஏன் என்னிடம் மறைத்தாய்?

அக்கா

---

செப்டம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

அழாதே. நான் நன்றாக இருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு மார்ச்சிலேயே வந்தது. அதை உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் நீ கண்ணாடிக் கடையில் பாட்டு முணுமுணுத்தாய் என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கை வைக்க மனசு வரவில்லை.

அவர் என்னை எங்கே தள்ளியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. ஏழு வருஷம் மட்டுமல்ல. அதனால்தான் எனக்கும் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் என் முகம் அவருக்கு ஞாபகம் வர வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் ஊசி முடியட்டும் என்பாரென்று நான் நினைக்கவில்லை. நான் அவரைக் கொஞ்சம் நல்லவராக எடை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பாப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே. அவளுக்கு அவர் அப்பா.

சாப்பாடு முன்னைப்போல இறங்குவதில்லை. இங்கத்துச் சமையல்தான் காரணம், வேறொன்றுமில்லை.

தம்பி

---

நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ சொல்லும் பதிலை இனி நம்பப்போவதில்லை. நேரில் பார்த்து நானே தெரிந்துகொள்கிறேன்.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றாய். சாப்பாடு இறங்கவில்லை என்று அதே கடிதத்தில் எழுதினாய். அதைப் படித்த பிறகு யார் மனசும் எனக்கு முக்கியமில்லை.

பாப்பாவுக்கும் அந்தக் கோளாறு இருப்பது போன மாதம் தெரிந்தது. நான் இருக்கும் ஆராய்ச்சியிலேயே சேர்ந்திருக்கிறாள். கடைக்காரருக்கு ஊசி போடும் நாளில் மூன்று பேரும் ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பார்ப்பவர்கள் ஒற்றுமையான குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். வேண்டுமென்றேதான் அவர் எதிரில் பேச்சை எடுத்தேன். அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

“பாப்பா, உனக்கு இதெல்லாம் யாரால கிடைச்சுது தெரியுமா? என் தம்பியால. அவனுக்கும் இதே கோளாறு இருக்கு. அவனுக்கு மட்டும் இது கிடைக்காது. ஏன்னு உங்கப்பாவைக் கேளு.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “இதை அப்புறம் பேசிக்கலாம்மா.”

பாப்பா முட்டாளில்லை. அப்பாவையே பார்த்தாள். “பின்கதவை யாரு பூட்டினதுப்பா?”

அவர் மேஜையில் சிந்தியிருந்த டீயை விரலால் துடைத்தார்.

“யாருப்பா பூட்டினது?”

“என்னைக்கும் நான்தானேம்மா பூட்டுவேன்” என்றார். கணக்குச் சொல்கிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

அவள் கத்தவில்லை. அழவில்லை. கைப்பையையும் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வாங்க.”

“ஊசிக்கு நேரமாச்சும்மா. போட்டுட்டு வந்துடறேன்.”

“ஊசி இன்னைக்கு இல்ல. நேரா வக்கீல்கிட்ட போறோம். வரலைன்னா நான் போறேன். நான் போய்ச் சொன்னா அப்புறம் உங்களுக்கு மகள்னு ஒருத்தி கிடையாது.”

அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பாற்றுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் என் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். பெற்ற பெண் தன்னை எப்படிப் பார்க்கிறாள் என்பதை அந்த மனுஷன் தாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னாலேயே நடந்தார். நோய் செய்யாததை அந்தப் பார்வை செய்தது. எனக்கு அது போதும்.

நீதிபதி முன்னால் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். உன் வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். கொஞ்ச நாள்தான், பொறு.

அக்கா

---

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கையெழுத்தில் வந்த கடிதத்தையும் வக்கீல் அனுப்பியதையும் ஒரே நாளில் பெற்றுக்கொண்டேன். வழக்கை மறுபடி விசாரிக்கும் வரை எனக்கு ஜாமீன். வியாழக்கிழமை வெளியே விடுகிறார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நேற்று மாமாவை இங்கே கொண்டுவந்தார்கள். புதிதாக வருபவர்களுக்குத் துணி கொடுப்பது சலவைக்கூடத்து வேலை. வரிசையில் அவர் முறை வந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்ன அளவு?” என்று கேட்டேன்.

குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார். “மருமகனே” என்றார். நான் இருப்பதிலேயே சின்ன அளவை எடுத்து மடித்து அவர் கையில் வைத்தேன். அதுவே அவருக்குப் பெரிதாக இருக்கும்.

பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவர் நகரவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: “இங்க இருந்தா அந்த ஊசி கிடைக்காதாமே? நிஜமாவா?”

“கிடைக்காது மாமா. மத்த மருந்தெல்லாம் குடுப்பாங்க. அது கிடைக்காது.”

அந்த வார்த்தைகளை அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். நினைத்த அளவு இனிக்கவில்லை என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். இனித்தது அக்கா. நன்றாகவே இனித்தது.

அவர் போன பிறகு வார்டரிடம் போய், அந்த மனுஷனுக்கு மண்ணீரல் இல்லை, லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி எழுதிக்கொள்ள வைத்தேன். “உங்களுக்கு வேண்டியவரா?” என்று கேட்டார். “அம்மாவோட தம்பி” என்றேன். அவர் இங்கே ரொம்ப நாள் உயிரோடு இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நீ வா. பாப்பாவும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைப் பார்த்து இரண்டு பேரும் பயந்துவிடக் கூடாது, கொஞ்சம் இளைத்திருக்கிறேன்.

இன்னொன்று. டாக்டரம்மாவிடம் பேசி என் ஸ்கேனுக்கு நாள் வாங்கி வை. கிடைக்கிற முதல் நாளாகப் பார்த்து வாங்கு அக்கா.

தம்பி